பெரியவர் வரும் செவ்வாய்

பருப்பு வேக மூன்று விசில். ராஜ்மாவுக்கு ஐந்து, பழைய ராஜ்மா என்றால் ஆறு. எலும்போடு சேர்ந்த எருமைக் கறிக்கு எட்டு. மும்பை செம்பூரில் அந்த மூன்றாவது மாடி வீட்டின் சமையலறையில், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையும் ஆறாவது விசிலுக்குப் பிறகு நான் மூடிய ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பேன். யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். எட்டாவது முடிந்து அடுப்பை அணைத்ததும் வாசலுக்குப் போய்க் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். நாற்பது தாண்டிய ஆண்பிள்ளை, தாராவியில் பிறந்து வளர்ந்தவன், ஒரு குக்கருக்குப் பயந்து செத்தேன்.

அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. தாராவியில் எங்கள் அறை மாடியில் இருந்தது. ஏறுவதற்கு செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. தையல் போட்ட வயிற்றோடு அவள் அதில் ஏற முடியாது. லிஃப்ட் இருக்கிற வீடாகத் தேடி அலைந்தேன். தரகர் காட்டிய ஏழெட்டு வீடுகளில் இது ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: வெஜ். கட்டடம் முழுக்க வெஜ், முட்டை ஓடுகூடக் குப்பையில் வரக்கூடாது. ‘பக்கா வெஜ்’ என்றேன். வீட்டுக்காரர் போனிலேயே சந்தோஷப்பட்டார்.

குடி போன அன்றே எதிர்வீட்டு மாமி வந்து விசாரித்தார். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்தது மாட்டுங்காவில், அவர் வீட்டுக்காரர்தான் கட்டடத்தின் செக்ரெட்டரி. "எந்த ஊர்க்காரா நீங்கள்லாம்?" என்று கேட்டார். திருநெல்வேலிப் பக்கம் என்றேன். கூடவே, கேட்காத கேள்விக்கும் சேர்த்து, "நாங்க சைவம்தான் மாமி" என்றேன்.

மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, திருநெல்வேலி சைவப் பிள்ளைமாரா! எங்க மாமனார் ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தார் கேட்டேளா, என்ன ஆசாரம், என்ன ஒழுங்கு!"

நான் சொன்னது சாப்பாட்டை. அவர் எடுத்துக்கொண்டது சாதியை. எங்கள் ஊரில் எங்கள் தெருவுக்குள் கால் வைக்காத மனிதர்களாக எங்களை ஒரு நிமிடத்தில் மாற்றிவிட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். ஒரு பொய் சொல்லிவிட்டு உள்ளே வந்தவன், இரண்டு பொய்யோடு குடித்தனம் தொடங்கினேன்.

முதல் இரண்டு மாதம் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஏனென்றால் அம்மா எதையுமே சாப்பிடவில்லை. மருந்து ஏறியதிலிருந்து நாக்கில் எதை வைத்தாலும் இரும்பு ருசி என்றாள். தாளிக்கிற வாசம் வந்தால் ஓங்கரிப்பாள். மோரைக் கொடுத்தால் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றுவதற்கு முன்னும் எடை பார்ப்பார்கள். டாக்டரம்மா எடை மெஷினைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: இதற்குக் கீழே இறங்கினால் மருந்து ஏற்ற முடியாது, உடம்பு தாங்காது, மருந்து தள்ளிப் போனால் நோய்க்குக் கொண்டாட்டம். எதையாவது சாப்பிட வையுங்கள், எதுவானாலும் சரி என்றார்.

என்ன வைத்தால் சாப்பிடுவாய் என்று அம்மாவிடம் கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்: "கோதுமை போட்ட சூப்பு வச்சா குடிப்பேன்ல."

அது அம்மாவின் சொந்த சமையல். தாராவியில் தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்தபோது, வாரச் சம்பளம் வாங்கிய மறுநாள் வைப்பாள். எருமையின் முழங்கால் கறி, நல்லி எலும்போடு. அதில் சாம்பார் வெங்காயம், இஞ்சி, பூண்டு, ஒரு தக்காளி. மிளகும் சீரகமும் மல்லியும் கொரகொரப்பாக இடித்துப் போட வேண்டும். கறி வெந்த பிறகு, ஊற வைத்த உடைத்த கோதுமையைக் கொட்டி, சின்னத் தீயில் அரை மணி நேரம். "கோதுமை பாதி கரையணும், பாதி பல்லுல தட்டணும்" என்பது அவள் கணக்கு. ஒரு கிண்ணம் குடித்தால் சாயங்காலம் வரைக்கும் பசிக்காது.

தாராவியிலேயே இருந்த தங்கச்சி முதலில் அங்கே வைத்து, பிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுவந்தாள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவிட்டாள். "வேகுத வாசம் வந்தாத்தாம்ல எனக்குப் பசிக்குது. ஆறிப்போனது இறங்க மாட்டேங்கு" என்றாள்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எந்த வாசம் வந்தால் அம்மா சாப்பிடுவாளோ, அந்த வாசம் எதிர்வீட்டுக்குப் போனால் எங்களுக்கு வீடு இருக்காது. ஒரு நாள் சாம்பிராணி போட்டுப் பார்த்தேன். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "கறி வாசத்தைக் கொன்னுட்டியே பாவி" என்று அழுதாள். அதற்குப் பிறகு ஜன்னலைச் சாத்துவேன், வாசல் கதவின் அடியில் ஈரத்துண்டைத் திணிப்பேன், அவ்வளவுதான். வாசம் வீட்டுக்குள்ளேயே சுற்றும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி அதை இழுப்பாள். நான் வியர்த்துக்கொண்டு நிற்பேன்.

தங்கச்சிக்கு வேலை குர்லாவில் ஒரு துணிக்கடையில். செவ்வாய்க்கிழமைதான் அவளுக்கு விடுமுறை. ஊரில் கறி தின்கிறவர்களே கை வைக்காத கிழமை. அன்று காலையில் அவள் கறி வாங்கி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அதன்மேல் கொத்தமல்லிக் கட்டை வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். அவள் வந்து சேரும்வரை நான் பால்கனியில் நிற்பேன். டப்பா கவிழ்ந்தால்? யாராவது பையில் என்ன என்று கேட்டால்? எருமைதான், இங்கே தடை பசுவுக்கும் காளைக்கும்தான், எருமைக் கறி குற்றமில்லை. ஆனால் திறந்து பார்க்கிறவன் முதலில் அடிப்பான், எருமையா என்று அப்புறம்தான் கேட்பான். அதைப் படம் எடுத்து நூறு பேருக்கு அனுப்புவான். இதையெல்லாம் நான் அவளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"டென்ஷன் எடுக்காதண்ணே. கடைக்காரன்கிட்ட எருமைக்கு லைசென்ஸ் இருக்கு. உனக்குத்தான் இல்ல."

போனில் பேசும்போது நாங்கள் கறி என்று சொல்வதில்லை. தாராவியில் ஆட்டுக்கறிக்கு ‘சோட்டே கா’, எருமைக்கறிக்கு ‘படே கா’ என்பார்கள், சின்னது, பெரியது. செத்துப்போன எங்கள் அப்பா அதைத் தமிழாக்கி, மரியாதையும் சேர்த்து, ‘பெரியவர்’ ஆக்கியிருந்தார். ‘இன்னைக்குப் பெரியவரு வாராரு’ என்று அவர் சொன்னால் நாங்கள் தட்டை எடுத்து வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அது வெறும் கேலி. செம்பூருக்கு வந்த பிறகு அதுவே எங்கள் மறைப்பாகிவிட்டது, நானும் அது நல்ல மறைப்பு என்று நினைத்தேன். புத்திசாலித்தனம்தான்.

அந்த வீட்டில் போன் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் சமையலறை ஜன்னல். வெளியே குழாய்கள் இறங்குகிற சின்னச் சந்து, அதற்கு எதிர்ப்பக்கம் மாமியின் சமையலறை ஜன்னல். கை நீட்டினால் கரண்டி மாற்றிக்கொள்ளலாம். அம்மா அங்கே நின்றுகொண்டுதான் தினமும் தங்கச்சியோடு பேசுவாள். பட்டறை மெஷின் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை அவளுக்கு, மெதுவாகப் பேசத் தெரியாது.

ஒரு நாள் லிஃப்டில் மாமி கேட்டார்: "உங்காத்துல பெரியவர் ஒருத்தர் வந்து போயிண்டிருக்கார் போலருக்கே? அம்மா போன்ல சொல்லிண்டிருந்தா. யாரு, அப்பாவோட அண்ணாவா?"

லிஃப்ட் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. "ஆமா மாமி, பெரியப்பா" என்றேன்.

"ஒரு நாள்கூடக் கண்ணுல படலையே?"

"அவர் ரொம்பப் பேச மாட்டார் மாமி."

அந்த வாரக் கடைசியில் செக்ரெட்டரி மாமா கதவைத் தட்டினார். அடிக்கடி வந்து தங்குகிற விருந்தாளிகளின் விவரம் சொசைட்டிப் பதிவேட்டில் இருக்க வேண்டுமாம். "பெரியப்பாவோட ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துடுங்கோ, அவசரமில்லை" என்றார். குக்கரில் வெந்துகொண்டிருந்ததற்கு ஆதார் எங்கே வாங்குவது? ஊரில் இருக்கிறது, வரவழைக்கிறேன் என்றேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டுக்காரர் கூப்பிடுவார், இரண்டு நாளில் காலி செய் என்பார், அம்மாவை நாற்காலியோடு நடுரோட்டில் வைத்துக்கொண்டு நிற்பேன் என்று அதையே திரும்பத் திரும்ப நினைத்தேன்.

ஆனால் அம்மா சாப்பிட்டாள். அதையும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை வைக்கிற சூப் ஃபிரிட்ஜில் சனிக்கிழமை வரைக்கும் வரும். தினம் ஒன்றரைக் கிண்ணம். எடை இறங்காமல் நின்றது, அடுத்த தடவை கொஞ்சம் ஏறவும் செய்தது. டாக்டரம்மா என் தோளைத் தட்டி, "என்ன கொடுக்கறீங்க?" என்று கேட்டார். விசிலைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் சொல்வதுபோல அவரிடமும் ராஜ்மா என்றேன். வாய் அப்படிப் பழகிவிட்டது.

அடுத்த மருந்துக்கு முந்தின வாரம், சனிக்கிழமை காலையில் கடைசிக் கிண்ணத்தைச் சூடுபண்ணி அம்மாவிடம் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னலுக்குப் போய்த் தங்கச்சிக்குப் போன் போட்டாள். நான் குளியலறையில் இருந்தேன். அவள் பேசியது தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

"ஏட்டி, பெரியவரு முடிஞ்சிட்டாரு. ஆமா, இப்பத்தான். நேத்தே லேசா வாசம் வந்துட்டு, அதான் வைக்க வேண்டாம்னு உங்கண்ணன் சொல்லிட்டான்."

அதில் தவறாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாவது வாய் குடித்துக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. கதவுக் கண்ணாடியில் பார்த்தேன். மாமியும் மாமாவும் நின்றார்கள். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீடு முழுக்க அந்த வாசம். தலைமயிரெல்லாம் கொட்டிப்போன அம்மா, கையில் கிண்ணம், கிண்ணத்தில் எலும்பு. நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஓடிப்போய் அம்மாவின் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை. இழுத்தேன். அவள் விரலில் பலம் எங்கே இருக்கிறது? வந்துவிட்டது. சமையலறைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு, எலும்பைக் குப்பைப் பையில் முடிந்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

"கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியலையப்பா" என்றார் மாமி. "பெரியவர் போயிட்டாராமே. எங்கே கிடத்தியிருக்கேள்?"

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மாவுக்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மாதக் கணக்கில் சிரிக்காதவள், வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பாவம், துக்கம் தலைக்கேறிடுத்து" என்று மாமி ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டார். மாமா மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். நான் அவசரமாக, பெரியப்பா நேற்றே தாராவியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார், அங்கே வைத்துத்தான் ஆயிற்று, இது அம்மாவின் கஷாய வாசனை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்போ நீ ஏன் இங்கே நிக்கறே?" என்றார் மாமா. "போய்க் காரியத்தைப் பாருப்பா. அம்மாவை நாங்க பாத்துக்கறோம்."

போனேன். வேறு என்ன செய்வது? செம்பூர் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போகிற ரயில் எல்லாம் போயிற்று. அம்மா மாமியிடம் என்ன சொல்கிறாளோ, மாமி எந்தப் பாத்திரத்தைத் திறக்கிறாரோ என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கடையில் சூப்பர்வைசர் திட்டியது எனக்கே கேட்டது. சுடுகாட்டுக்குப் போனவன் குளிக்காமல் திரும்பக் கூடாது என்பது ஞாபகம் வந்து, ஸ்டேஷன் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மாமி அம்மாவுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். அம்மா விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாள்.

"பங்காளித் தீட்டு, பத்து நாள் உங்காத்துல அடுப்பு மூட்டாதே" என்றார் மாமி. "ரெண்டு வேளையும் நான் அனுப்பறேன். கூச்சப்படாதே, மனுஷாளுக்கு மனுஷா இதுகூடப் பண்ணலைன்னா எப்படி?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கைகூப்பினேன்.

மறுநாளிலிருந்து அடுக்குப் பாத்திரம் வந்தது. காலையில் இட்லி, மதியம் ரசம், கூட்டு, மோர்க்குழம்பு. வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல், சுத்தமாக, நேரம் தவறாமல் அந்த அம்மாள் சமைத்து அனுப்பினார். அவரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அம்மாவுக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை. பெருங்காய வாசனைக்கே வாந்தி எடுத்தாள். மாமி மனம் நோகக் கூடாது என்று பாத்திரத்தைக் காலி செய்தது நான். எனக்குச் சட்டை இறுகியது.

செவ்வாய்க்கிழமை வந்தது. துக்க வீட்டிலிருந்து எட்டு விசில் வந்தால் என்ன ஆகும்? விசிலே வரக்கூடாத வீடு. தங்கச்சியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா காலையிலிருந்து சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வியாழக்கிழமை எடை மெஷினில் ஏற்றினார்கள். டாக்டரம்மா முள்ளைப் பார்த்தார், அம்மாவை இறக்கி மறுபடியும் ஏறச் சொன்னார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிடக்கூட இல்லை, அம்மாவுக்கு முன்னாலேயே சொன்னார். "இன்னிக்கு மருந்து கிடையாது. இப்படியே போனா அடுத்த தடவையும் கிடையாது. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

இத்தனை மாதம் நான் வாட்ச்மேனுக்கு, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவனுக்கு, வீட்டுக்காரர் போனுக்கு, மாமாவின் மூக்குக்கு எல்லாம் பயந்திருந்தேன். அதெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு நிமிடத்துப் பயத்துக்கு ஈடில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா என் பக்கம் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "அந்த மனுசனைக் கொன்னது நீதானல? நீயே எழுப்பு."

அன்று மாலை அடுக்குப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தேன். மாமிதான் திறந்தார். கை நீட்டிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "அம்மா கொஞ்சம் தேவலையா?" என்று கேட்டார்.

"மாமி, பெரியப்பான்னு யாரும் கிடையாது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இருமிவிட்டு மறுபடி சொன்னேன். "யாரும் சாகல. பெரியவர்னு அம்மா சொல்றது எருமைக் கறிய. அவங்களுக்கு அது ஒண்ணுதான் உள்ள இறங்குது. நாங்க சைவம் இல்ல. நீங்க நினைச்ச ஆளுங்களும் இல்ல."

உள்ளே தொலைக்காட்சியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாமி கையிலிருந்த அடுக்குப் பாத்திரத்தைக் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பாத்திரத்துல...?"

"இல்ல மாமி. இதுல உங்க சாதம் மட்டும்தான் இருந்தது."

"அம்மா அதைச் சாப்பிட்டாளா?"

"இல்ல. நான்தான் சாப்பிட்டேன்."

கதவைச் சாத்திவிட்டார். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினார். நான் எங்கள் சமையலறைக்கு வந்து நின்றபோது, சந்துக்கு அந்தப் பக்கம் அவர் புளி போட்டுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பிறகு அந்த ஜன்னல் மூடியது. நாங்கள் அந்த வீட்டில் இருந்தவரை அது மறுபடி திறக்கவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். போன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் என்றே எடுத்தேன். மாமாவை லிஃப்டில் பார்த்தேன், குட்மார்னிங் சொன்னார். அவருக்குத் தெரியுமா, தெரிந்துகொண்டுதான் சொல்கிறாரா என்று அந்த ஒரு குட்மார்னிங்கை நாள் முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்தால் லிஃப்டில் ஏறாமல் படியில் போனார். முட்டி வலிக்காரர், மூன்று மாடி. அதைப் பார்க்க எனக்குத் திட்டு வாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் யாரிடமாவது சொன்னாரா என்பது எனக்குத் தெரியாமலேயே செவ்வாய்க்கிழமை வந்தது.

தங்கச்சி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நானும் கூட இருக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். ஏதாவது நடந்தால் அவளாவது தப்பட்டும் என்று நினைத்தேன். கறியை மஞ்சள் போட்ட வெந்நீரில் அலசினேன். முதல் கொதியில் பொங்கிய நுரையை எடுத்தேன். மிளகை இடிக்கும்போது உலக்கை இரண்டு தடவை விரலில் பட்டது. எட்டு விசில். கதவில் காது வைக்கப் போகவில்லை, ஏனென்றால் கோதுமை அடிப்பிடிக்கும், கிளற வேண்டும். அம்மா நாற்காலியை இழுத்துச் சமையலறை வாசலிலேயே போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். மூக்கு விடைத்தது. "உப்பு இப்பப் போடு" என்றாள்.

காலிக் கிண்ணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கரண்டியில் மொண்டேன். அப்போது அழைப்பு மணி அடித்தது.

கரண்டியோடு நின்றுவிட்டேன். மணி மறுபடி அடித்தது, இந்தத் தடவை நீளமாக. கை தானாகக் கிண்ணத்தை வாங்கப் போயிற்று. அம்மா அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை போலப் பிடுங்கினால் வந்துவிடும். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"மணி அடிக்கட்டும்" என்றாள். "நீ ஊத்துல."

கேஸ் அடுப்பு ரப்பர் குழாய் பரிசோதிக்க வந்த ஆள் அது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. வெளியே பத்துப் பேர் நிற்பதாகத்தான் நினைத்தேன். பாதி அவள் மடியில் சிந்தியது. ஊற்றினேன்.